பெயரும் பொருளும்: கபச்சுரப்பியின் வரலாறு

ஓர் ஊருக்கு எத்தனை பெயர்கள் இருத்தல் கூடும்? காவிரியின் தென்கரையில் அமைந்த நம் நகரைத் தேவாரம் பாடிய பெருமக்கள் சிராப்பள்ளி என்றனர். சோழர்தம் பழந்தலைநகராகிய உறையூர் இன்று இந்நகரின் ஒரு பகுதியாய் அடங்கிவிட்டது. வாலாஜா நவாபுகளின் காலத்தில், இங்கே அடங்கப்பெற்றிருக்கும் தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலி அவர்களின் பெயரால் இது நத்தர் நகர் என்றும் வழங்கியது. ஆங்கிலேயர் டிரிச்சினாப்பள்ளி என்றனர். மக்கள் நாவிலோ இது திருச்சி. பெயர்கள் இத்தனை மாறியபோதும் மலைக்கோட்டை இடம் பெயரவில்லை. காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் திருவரங்கத்தைத் தழுவி ஓடுவதை நிறுத்திவிடவில்லை.

ஊருக்குப் பெயர் மாறினால் கேடொன்றுமில்லை. மருத்துவத்தில் அப்படியன்று. ஒரு நோய்க்கு நாம் சூட்டும் பெயர், மருத்துவரின் கையையும் நோயாளியின் மனத்தையும் ஒருசேர ஆள்கிறது. தவறான பெயர் நூற்றாண்டுகளையே திசை திருப்பிவிடக் கூடும். இதற்குச் சான்றாக, நம் தலைக்குள் கொண்டைக்கடலை அளவில் இருக்கும் ஓர் உறுப்பின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அதைத் தமிழில் கபச்சுரப்பி என்று எழுதி வருகிறோம். ஆங்கில மருத்துவர் பிட்யூட்டரி என்பர். இரண்டு பெயரும் ஒரே பிழையின் பிள்ளைகள்.

திருவரங்கத்து ஆரோக்கியசாலை

மருத்துவம் இம்மண்ணுக்குப் புதிதன்று. திருவரங்கம் பெருங்கோயிலில் ஹொய்சள மன்னன் வீர இராமநாதன் காலத்தில், 1257ஆம் ஆண்டளவில், ஓர் ஆரோக்கியசாலை நிறுவப்பட்டதைக் கல்வெட்டு கூறுகின்றது. கருடவாகன பண்டிதர் என்னும் மருத்துவ மரபினரின் பொறுப்பில் அது விளங்கிற்று. இடைக்காலப் போர்களில் சிதைந்துபோன அச்சாலையை அதே மரபில் வந்த ஸ்ரீரங்க கருடவாகன பட்டர் 1493இல் புதுப்பித்துத் தன்வந்திரி சந்நிதியையும் அமைத்தார். நோயாளியைப் பேணுவது இறைவனுக்குச் செய்யும் பணியின் ஒரு கூறு என்று கருதிய காலம் அது. பக்தாதிலும் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் பீமாரிஸ்தான்கள் என்னும் பெரும் மருத்துவமனைகள் அதே கருத்தில் எழுந்தவையே.

அவ்வாரோக்கியசாலையில் மருந்திட்ட வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றைக் கொண்டு நோயை அளந்தனர். பீமாரிஸ்தானில் இருந்த ஹகீம்கள் தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா என்னும் நான்கைக் கொண்டு அளந்தனர். இரு சாராரிடத்தும் கபம் இருந்தது. பல்கம் என்பதும் அதுவே. இந்தக் கபம்தான் நம் கதையின் தொடக்கம்.

கபத்தின் பெயரால்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவ மேதை காலன், அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்று போற்றும் பெரியார், மூளையின் அடியில் புனல் போன்ற ஒரு காம்பையும் அதன் நுனியில் ஒரு சிறு சுரப்பியையும் கண்டார். மூளையிலிருந்து கழிவாகும் கபம் அப்புனல் வழியே இறங்கி, அச்சுரப்பியில் வடிந்து, மூக்குக்கும் அண்ணத்துக்கும் வருகிறது என்று அவர் முடிவு கட்டினார். சளி பிடித்தவன் மூக்கைச் சிந்துவதைப் பார்த்தவர்க்கு இம்முடிவு இயற்கையாகவே பட்டிருக்கும்.

பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) ஜாலீனூஸின் நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தார். இப்னு ஸீனா (980–1037) தம் அல் கானூன் ஃபித் திப் என்னும் பெருநூலில் மூளையின் அமைப்பை அவ்வழியிலேயே விளக்கினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாயிருந்தது. 1543இல் வெசாலியஸ் மனித உடற்கூற்றை மறு ஆய்வு செய்து நூல் வெளியிட்டபோதும் அச்சுரப்பியைக் கபத்தை ஏற்கும் சுரப்பி என்றே குறித்தார். பிட்யூட்டா என்றால் இலத்தீனில் கபம். பிட்யூட்டரி என்னும் பெயர் பிறந்த வகை இது. அதனைத் தமிழாக்கியபோது நாமும் கபச்சுரப்பி என்றோம்.

ஆசான் சொன்னதை மாணாக்கன் ஐயமின்றி ஏற்பதனால் விளையும் குறை இது என்று சிலர் நம் முன்னோரைக் குற்றஞ்சாட்டலாம். ஆனால் ஐயம் எழுப்பிய பெரியாரும் அம்மரபிலேயே தோன்றினர். இப்னு ஸீனாவின் நூலுக்கு உரை வகுத்த இப்னு அந்நபீஸ் (மறைவு 1288), இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்குக் குருதி நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே செல்கிறது என்ற ஜாலீனூஸின் கூற்றை மறுத்தார். அது நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று துணிந்தெழுதினார். அவ்வுரையின் பிரதி 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுக்கப்படும்வரை உலகம் அதை மறந்திருந்தது. கபச்சுரப்பிக்கு அத்தகைய உரைகாரர் வாய்ப்பதற்குப் பதினேழாம் நூற்றாண்டாயிற்று. 1660இல் ஷ்னைடர் என்னும் ஜெர்மானியரும், 1670இல் லோயர் என்னும் ஆங்கிலேயரும் மூளையிலிருந்து மூக்குக்குக் கபம் இறங்கும் வழியே இல்லை என்று நிறுவினர். மூக்குச் சளி மூக்கின் சவ்விலேயே ஊறுகிறது. கொள்கை வீழ்ந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சுரப்பியின் உண்மைத் தொழில்

அரை கிராமுக்குச் சற்று மிகுதியான எடையுள்ள இச்சுரப்பி, மண்டையின் அடித்தளத்தில் ஓர் எலும்புக் குழியில் அமர்ந்திருக்கிறது. அக்குழியின் வடிவைக் கண்ட உடற்கூற்றறிஞர் அதற்குத் துருக்கியச் சேணம் என்று பெயரிட்டனர். குதிரை மேல் துருக்கிய வீரன் அமர்வதுபோல் அதன்மேல் அமர்ந்து, தைராய்டையும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனலையும், ஆண் பெண் இன உறுப்புகளையும், உடல் வளர்ச்சியையும், தாய்ப்பால் சுரப்பையும் இது ஏவல் கொள்கிறது. இதன் தலைக்கு மேலேயே இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் கூடிக் கடக்கின்றன. இரு பக்கத்திலும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடிகள் ஓடுகின்றன. இத்துணை நெருக்கடியான இடத்தில் ஒரு கட்டி எழுமாயின் அதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம்.

1886இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் பியர் மாரி, கை, கால், தாடை, மூக்கு ஆகியவை நடுவயதில் பெருத்துக்கொண்டே போகும் நோயை விவரித்து அக்ரோமெகாலி என்று பெயரிட்டார். அத்தகைய நோயாளிகளிடம் கபச்சுரப்பி வீங்கியிருப்பதும் தெரியவந்தது. வீங்கியதால் சுரப்பி செயலிழந்ததா, அன்றி மிகையாகச் செயற்பட்டதா என்னும் வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1909இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி கஷிங், அத்தகைய ஒரு நோயாளியின் சுரப்பியில் ஒரு பகுதியை அகற்றியபோது நோய் தணியக் கண்டார். மிகைச் சுரப்பே காரணம் என்று வாதிட்டார். 1912இல் கபச்சுரப்பி நோய்கள் குறித்து அவர் தனி நூலே வெளியிட்டார்.

அறுவையின் சில்சிலா

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி யார் வாயிலாக யாருக்கு வந்தது என்னும் இஸ்னாதை நாம் தேடுகிறோம். மூக்கின் வழியே கபச்சுரப்பியை எட்டும் அறுவை முறைக்கும் அத்தகைய ஒரு தொடர் உண்டு. 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஷ்லோபர் அவ்வழியை முதலில் திறந்தார். கஷிங் அதனைச் செம்மை செய்து பலருக்குச் செய்தார். பின்னர் 1920களின் இறுதியில் அவரே அதைக் கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்கு மாறினார். ஆசானே கைவிட்டதால் உலகமும் கைவிட்டது. அவரிடம் பயின்ற ஸ்காட்லாந்தின் நார்மன் டாட் மட்டும் எடின்பரோவில் அதை விடாது காத்தார். அவரிடம் 1950களில் கற்றார் பாரிஸின் ஜெரார்ட் கியோ. கியோவிடம் கற்றார் கனடாவின் மாண்ட்ரீல் நகரத்து ஜூல்ஸ் ஹார்டி. 1960களில் ஹார்டி அறுவைக்கூட நுண்ணோக்கியைத் துணை கொண்டபோது, நல்ல சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பது கைகூடிற்று. இடையில் ஒருவர் அறுந்திருந்தால் அந்தக் கலையே அறுந்திருக்கும்.

தமிழகம் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. மாண்ட்ரீலில் பயிற்சி பெற்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அத்துறைக்கு வித்திட்டார். சீர்காழியில் 1922இல் பிறந்த அவர், பள்ளிக் கல்வி பெற்றது நம் திருச்சிராப்பள்ளியில்தான். இவ்விருவரும் முன்னின்றோருள் சிறந்து விளங்க, 1951இல் இந்திய நரம்பியல் கழகம் தோன்றியது. அந்நாளில் திருச்சியில் ஒருவருக்குப் பக்கப் பார்வை மங்கினால், இரயிலேறிச் சென்னைக்கோ வேலூருக்கோ செல்லாமல் வழியில்லை. இந்நகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது 1997இல். அது முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்களின் பெயர் தாங்கி நிற்கிறது.

மற்றொரு புதிய பெயர்

இனி நம் கதையின் இரண்டாம் பெயருக்கு வருவோம். கபச்சுரப்பிக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அடினோமா எனப்படும் தீங்கு குறைந்த கட்டிகள். ஆனால் சில கட்டிகள் எலும்பை அரித்துப் பக்கத்துப் பெருநாடிகளைச் சூழ்ந்து வளர்கின்றன. அகற்றினாலும் மீண்டும் எழுகின்றன. சாதுவான கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடையில் நிற்கும் இவற்றை எப்படி முன்கூட்டியே இனங்காண்பது?

2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு நூல் இதற்கு ஒரு விடை கூறிற்று. ஊடுருவும் வளர்ச்சி, உயிரணுக்கள் மிகுதியாகப் பிரிதல், பெருக்கத்தைக் காட்டும் கே.ஐ.-67 என்னும் சாயக் குறியீடு 3 சதவிகிதத்துக்கு மேலிருத்தல், பி-53 என்னும் புரதம் பரவலாகத் தென்படல் ஆகிய இயல்புகள் கொண்டவற்றை ‘இயல்பு மாறிய அடினோமா’ என்று அது தனியே பிரித்தது. உலகெங்கும் திசு ஆய்வு அறிக்கைகளில் இப்பெயர் ஏறியது.

எத்தனை பேருக்கு இது வருகிறது என்று அறிஞர்கள் எண்ணத் தொடங்கினர். பத்தாண்டுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கட்டிகளைத் திரட்டிய ஜெர்மானியப் பதிவேடு, 2007இல் 2.7 சதவிகிதம் என்றது. 2011இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர்கள் தொடர்ச்சியான 121 நோயாளிகளை ஆராய்ந்து 18 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 15 சதவிகிதத்தினருக்கு, என்றனர். ஒரே பெயர், ஒரே வகைப்பாட்டு நூல், எண்ணிக்கையிலோ ஐந்து மடங்கு வேறுபாடு!

இதற்குக் காரணம் என்ன? பிரியும் உயிரணுக்கள் எத்தனை இருந்தால் மிகுதி, பி-53 எவ்வளவு பரவினால் பரவல் என்பதற்கு அந்நூல் திட்டமான அளவு தரவில்லை. நான்கு இயல்பும் வேண்டுமா, சில போதுமா என்பதிலும் தெளிவில்லை. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் சல்லடையைக் கொண்டு சலித்தது. சல்லடையின் கண் வேறானால் தங்கும் மணியும் வேறாகத்தானே இருக்கும்? பெரிய கட்டிகளும் சிக்கலான நோயாளிகளும் வந்து குவியும் மருத்துவமனையில் இவ்வெண் இயல்பாகவே உயரும்.

நடத்தையே சான்று

பெயர் பெற்ற கட்டிகள் அப்பெயருக்கேற்ப நடந்தனவா? ஒரு பகுதி நடந்தன. பாஸ்டன் ஆய்வில் இயல்பு மாறியவை எனப்பட்டவற்றுள் 83 சதவிகிதம் சுற்றுப்புறத்தை ஊடுருவியிருந்தன; மற்றவற்றுள் அது 45 சதவிகிதமே. ஆயினும் அந்த 45 சதவிகிதத்தை நோக்குங்கள். இயல்பானவை என்று பெயர் பெற்ற கட்டிகளிலும் ஏறத்தாழப் பாதி ஊடுருவியிருந்தன! இயல்பு மாறியது எனக் குறிக்கப்பட்ட சில கட்டிகள் அகற்றிய பின் தலைதூக்கவேயில்லை. இயல்பானது எனக் குறிக்கப்பட்ட சில, ஆண்டுகள் கழித்து மீண்டும் வளர்ந்தன. 2013இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் 410 நோயாளிகளை எட்டாண்டு தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வு, ஊடுருவலும் பெருக்கமும் ஒருங்கே உள்ள கட்டியே மீண்டும் எழும் வாய்ப்பு மிக்கது என்று காட்டிற்று.

எனவே 2017இல் உலக சுகாதார நிறுவனம் தான் சூட்டிய பெயரைத் தானே நீக்கியது. பதின்மூன்று ஆண்டே வாழ்ந்த பெயர் அது. அதற்கு மாற்றாக, கட்டி எவ்வகை உயிரணுவிலிருந்து பிறந்தது, எவ்வளவு விரைந்து பெருகுகிறது, எதை ஊடுருவியுள்ளது என்று தனித்தனியே எழுதுமாறு கூறிற்று. வெளியே அடையாளம் காட்டாத கார்ட்டிகோட்ரோப் கட்டி, க்ரூக் உயிரணுக் கட்டி, ஆண்களுக்கு வரும் புரோலாக்டின் கட்டி போன்ற சில இனங்கள் கூடுதல் கவனத்துக்குரியவை என்றும் சுட்டியது. 2022இல் அடினோமா என்னும் சொல்லுக்கும் பதிலாக, பிட்யூட்டரி நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி என்னும் நெடும்பெயர் முன்வைக்கப்பட்டது. தீங்கற்ற கட்டி உடையோரை அது வீணே அச்சுறுத்துமே என்று மருத்துவர்கள் சிலர் மறுப்புரைத்தனர்.

உண்மையான புற்றுநோய் என்பது, கட்டி மூளையின் வேறிடத்துக்கோ உடலின் பிற உறுப்புக்கோ பரவிய பின்னரே உறுதியாவது. அது மிக அரிது. கபச்சுரப்பிக் கட்டிகளில் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவினதே. 2006 முதல், டெமோசோலமைட் என்னும் மருந்து இத்தகைய முரட்டுக் கட்டிகள் சிலவற்றை அடக்குவதும் அறியப்பட்டுள்ளது.

நம் வீடுகளில்

இவையெல்லாம் அறிஞர்களின் வழக்காடல், நமக்கென்ன என்று கருதிவிடலாகாது. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகர்ப்புறத்தில் 2006இல் எடுத்த கணக்கு, 1,064 பேருக்கு ஒருவர் மருத்துவம் வேண்டும் கபச்சுரப்பிக் கட்டியோடு வாழ்வதாகக் காட்டிற்று. அவ்விகிதத்தை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ எட்டரை இலட்சம் மக்களைக் கொண்டிருந்த திருச்சி மாநகருக்குப் பொருத்திப் பார்த்தால் 800 பேர் என்று வரும். தொல்லை தராத சிறு கட்டிகளோ, பிணக்கூறாய்வுகளையும் படக்கருவி ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தால், ஆறு பேருக்கு ஒருவரிடம் இருக்கக் கூடியவை.

லியேஜ் கணக்கில் மூன்றில் இரு பங்கு புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள். அவை பெண்களுக்கு வந்தால் மாதவிலக்கு நின்றுபோகும், கருத்தரிப்பு தடைப்படும், பிள்ளை பெறாத மார்பிலும் பால் சுரக்கும். நம் ஊர்களில் அத்தகைய பெண்ணுக்கு என்ன பெயர் சூட்டினோம்? மலடி என்றோம். அவளைத் தர்காவுக்கும் கோயிலுக்கும் அழைத்துச் சென்ற அன்புடையோரும் உண்டு. தலாக் சொல்லியோ தள்ளி வைத்தோ மறுமணம் தேடிக்கொண்ட கணவர்களும் இரு சமயத்தாரிலும் உண்டு. கடலையளவுச் சுரப்பியில் எழுந்த மிளகளவுக் கட்டிக்கு ஒரு குலமகள் தண்டனை அனுபவித்தாள். 1970களில் புரோமோகிரிப்டின் வந்த பிறகு, இக்கட்டிகளிற் பெரும்பாலானவை கத்தியின்றி மாத்திரையாலேயே சுருங்குகின்றன. பின்னர் வந்த காபர்கோலின் இன்னும் எளிது. குருதியில் புரோலாக்டின் அளவைப் பார்க்கும் ஒரு சோதனை, அந்தப் பழம்பெயரைத் துடைத்துவிடப் போதுமானது. நோய்க்கு மருந்தைத் தேடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கத்தில் உள்ள நாம், பழியைத் தேடியது என்ன நியாயம்?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2004க்கும் 2017க்கும் இடையே அறுவை செய்துகொண்டோர் சிலரின் பெட்டகத்தில், இயல்பு மாறிய அடினோமா என்று எழுதிய அறிக்கை இன்றும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அச்சொல்லைக் கண்டு புற்றுநோய் என நடுங்கியிருந்தோரும், இயல்பானது என்ற சொல்லை நம்பி மறு பரிசோதனைக்குச் செல்லாதிருப்போரும் ஒருங்கே அறிய வேண்டியது ஒன்றுண்டு. அப்பெயரைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. குறித்த காலத்தில் படம் எடுத்தல், பார்வைப் புலத்தை அளத்தல், சுரப்பு நீர்களைச் சோதித்தல் ஆகியவற்றைத் தளராது தொடர்வதே காப்பு.

திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் 1888இல் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் 1928இல் ஒளிச்சிதறலில் ஒரு புதுமையைக் கண்டு, 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன். அவர் கண்ட விளைவை அடிப்படையாகக் கொண்டு, மூளைக் கட்டியின் திசுவைச் சாயம் ஏற்றாமலேயே அறுவைக்கூடத்தில் சில நிமிடங்களில் பார்க்கும் கருவியை அமெரிக்க அறிஞர்கள் உருவாக்கி, 2017இல் வெளியிட்டனர். ஆறு சூழ்ந்த அத்தீவில் ஆரோக்கியசாலை இருந்த இடத்துக்கும் இராமன் பிறந்த இடத்துக்கும் இடையே நெடுந்தொலைவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய அறிவு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது.

கபம் இல்லாத சுரப்பியைக் கபச்சுரப்பி என்றே நாம் இன்னும் அழைக்கிறோம். அதனால் எவர்க்கும் இழப்பில்லை. மலடி என்ற பெயர் அத்தகையதன்று. இயல்பு மாறிய கட்டி என்ற பெயரை அதைச் சூட்டியவர்களே பதின்மூன்று ஆண்டுகளில், பிழை கண்டதும் வெட்கமின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டனர். நாம் சூட்டிய பெயரை நாம் எப்போது திரும்பப் பெறப் போகிறோம்?